பதினோரு பக்கம்

மேட்டூர் திறந்து ஒன்பது நாளாகியும்
அரசலாற்றில் மணல்தான்.
நாடகத்தில் மட்டும் வெள்ளம்:
நீலச் சேலை இரண்டை
ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினால் காவிரி.

நான் திரைக்குப் பின்னால் இருக்கிறவன்.
நோட்டைத் தொடையில் விரித்து
மறந்தவருக்கு வரி எடுத்துக் கொடுப்பவன்.
நீல மையில் வசனம், சிவப்பில் அழுகை.
பதினேழு வருஷம்; ஒருவரும் என் குரலை
என் குரலாகக் கேட்டதில்லை.

முன்வரிசையில் எரவாஞ்சேரி ரைஸ்மில்காரர்.
கையில் அஞ்சு கட்டை டார்ச்.
சுகுணவல்லி மேடைக்கு வரும்போதெல்லாம்
பெட்ரோமாக்ஸ் போதாதென்று
முகத்தில் அடிப்பார்.
திரைச்சீலை, ஆர்மோனியம், அட்டைக் கிரீடம் நாலு,
எல்லாம் அவரிடம் புரோநோட்டில்.
ஆவணி முகூர்த்தத்துக்கு அவளும்.

அவள் அப்பன் நடேசம் ராஜபார்ட்.
நாடகத்திலும் அவள் அப்பன்.

மூன்றாம் காட்சி. இளவரசி முத்துநகை
அரசன் காலில் விழுந்து கேட்க வேண்டும்:
‘தந்தையே, தாங்கள் வரைந்த ஓலையில்
என் பெயர் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன்?’
கேட்டாள்.
சிவப்பு மை வரும் இடத்தில் அழவில்லை.
எழுந்து நின்று, வீட்டில் பேசும் குரலில்,
‘அப்பா, ஆர்மோனியம் எவ்வளவு?
நான் எவ்வளவு?’ என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். அந்த வரி இல்லை.
நடேசம் வாய் திறந்தபடி நின்றார்.
ஒட்டுமீசையின் ஒரு முனை பிரிந்து ஆடியது.
பபூன் வரப்போகிறான் என்று நினைத்து
யாரோ சிரித்தார்கள்.
டார்ச் அணைந்தது, எரிந்தது.

எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். செய்தேன்.
‘மகளே, மன்னன் வாக்கு மலைக்கு நிகர்’
என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.
நீச்சல் தெரியாதவன் நாணலைப் பிடிப்பதுபோல்
பிடித்துக்கொண்டார்.
கைதட்டல்.
அவள் மன்னனைப் பார்க்கவில்லை.
திரையைப் பார்த்தாள்,
நான் இருந்த இடத்தை.

விஷம் எங்கள் கம்பெனியில் நன்னாரி சர்பத்.
குடித்தாள், விழுந்தாள், திரை இறங்கியது.
நாலு பேர் தூக்கிக் கட்டிலில் கிடத்திப் போனார்கள்.
வெள்ளைத் துணிக்குள்ளிருந்து கேட்டாள்:
‘அண்ணே, பிணத்துக்கு எத்தனை பக்கம்?’
எண்ணாமலே தெரியும்.
புலம்பல், மந்திரி, வைத்தியர், மறுபடி புலம்பல்.
பதினொன்று.
பதினோரு பக்கமும் அவளுக்கு ஒரு வரி கிடையாது.
‘போதும்’ என்றாள்.

மிருதங்க உறை, என் தலையணை,
பபூனின் தொப்பைத் துணி.
துணிக்கடியில் அடுக்கிப் பார்த்தால்
ஒரு பெண்ணின் நீளம் வந்துவிட்டது.
கொலுசைக் கழற்றி என் நோட்டின்மேல் வைத்தாள்.
எங்கள் காவிரி கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது.
நிஜ ஆற்றில் கணுக்கால் மணல்.
நடந்தே போனாள்.

திரை ஏறியது.
நடேசம் வந்து துணியை விலக்கினார்.
விலக்க வேண்டிய இடம் அதுதான்;
முகம் பார்த்து அழ வேண்டும்.
பார்த்தார்.
எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.
அவரே துணியைத் தாடைவரை,
தாடை இருக்க வேண்டிய இடம்வரை,
இழுத்து மூடினார். அழுதார்.
சிவப்பு மை முடிந்த பிறகும் அழுதார்.
பந்தலே அழுதது.
மில்காரர் டார்ச்சை மடியில் வைத்துவிட்டு
துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விடியும்போது தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு
முதலில் ஒரு விரல் உயரம், பிறகு கணுக்கால்.
ஊரே ஓடிப்போய்ப் பூப் போட்டது.
தடம் தேடி வந்தவர்களுக்குத் தடம் இல்லை.
பூந்தோட்டம் ஸ்டேஷனில்
அரிதாரம் கலைக்காத ஒருத்தி நின்றாள் என்றான் ஒருவன்.
இல்லை, மதகுப் பக்கம் என்றான் இன்னொருவன்.
நடேசம் இருவரையும் கேட்டுக்கொண்டு
மீசையின் கோந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆர்மோனியத்தை மில்காரர் தூக்கிப் போனார்.
கிரீடம் நாலையும்.
நோட்டு என்னிடம் இருக்கிறது.
மூன்றாம் காட்சியில், உரிய இடத்தில்,
அந்த வரியை எழுதிவைக்க
எத்தனையோ முறை உட்கார்ந்தேன்.
எந்த மையில் என்றுதான் தெரியவில்லை.